வேரும் கிளையும்

தமிழ் பைபிளைப் புரட்டுகிறவர்களுக்குப் 'புறஜாதியார்' என்ற சொல் அடிக்கடி தட்டுப்படும். யூதரல்லாத உலகத்து ஜனங்கள் அத்தனை பேருக்கும் அது ஒரே பெயர். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் உள்ள மூலச் சொற்களுக்கு அடிப்படையில் 'ஜனங்கள்' என்றுதான் அர்த்தம். 'புற' என்பது நம் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'பிற இனத்தார்' என்று கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது. ஆனாலும் பழைய சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. உள்ளே ஒரு வீடு, வெளியே ஒரு கூட்டம், நடுவில் ஒரு வாசற்படி. கிறிஸ்தவ வேதசாஸ்திரத்தின் மிகப் பழைய வழக்கு ஒன்று அந்த வாசற்படியைப் பற்றியதுதான்.

இஸ்ரவேலைப் பார்த்துத் தீர்க்கதரிசிகள் சொன்ன நல்வாக்குகள், பிற்பாடு வந்த புறத்தாருக்கும் சொந்தமாகுமா? ஆகுமென்றால், முதலில் அவற்றைப் பெற்றவர்களின் பாத்தியதை என்ன ஆகிறது? இதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் பாதிரியுமல்ல, பண்டிதனுமல்ல, கதை எழுதுகிறவன். ஒருவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இன்னொருவர் காதில் விழுந்து அவருக்கு வாழ்வு கொடுக்கிற விந்தைதான் என்னை இதில் இழுக்கிறது.

ஓசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் வாழ்ந்தவர். ஜனங்கள் தெய்வத்தை மறந்ததற்கு அடையாளமாக, தம் மகனுக்கே 'என் ஜனமல்ல' என்று அர்த்தப்படும் பெயரை வைக்கும்படி அவருக்குக் கட்டளை பிறக்கிறது. இப்படியொரு பெயரைச் சொல்லி எந்தத் தகப்பன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவான்! ஆனால் தள்ளப்பட்டவர்களே மறுபடியும் பிள்ளைகளாவார்கள் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. ஓசியாவின் மனத்தில் இருந்தது வழிதவறிய சொந்த ஜனம். சுமார் கி.பி. 57-இல் ரோமாபுரிச் சபைக்குக் கடிதம் எழுதிய பவுலோ, அந்த வாக்கைப் புறஜாதியாருக்கும் சேர்த்து வாசித்தார். ஒருநாளும் ஜனமாக இராதவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துமல்லவா?

ஆமோஸின் கதை இதைவிட ருசியானது. தாவீதின் விழுந்த கூடாரம் மறுபடி எழும், மிச்சமிருக்கும் ஏதோமை இஸ்ரவேல் சுதந்தரித்துக்கொள்ளும் என்பது எபிரேய பாடம். ஏதோம் என்பது பக்கத்து நாடு, தலைமுறைப் பகை. ஆனால் எபிரேய எழுத்தில் 'ஏதோம்' என்பதும், மனிதன் என்று பொருள்படும் 'ஆதாம்' என்பதும் ஏறக்குறைய ஒன்று. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்துகொண்ட கிரேக்க மொழிபெயர்ப்பில், மனிதரில் மிச்சமானவர்கள் தெய்வத்தைத் தேடுவார்கள் என்று அந்த இடம் மாறிவிட்டது. பகைவனின் நிலத்தைப் பிடிப்பது போய், மனிதர்களெல்லாம் கடவுளைத் தேடி வருவதாயிற்று! எருசலேமில் கூடிய சபையில், புறஜாதியார் விருத்தசேதனம் இல்லாமலே உள்ளே வரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, யாக்கோபு எடுத்துக் காட்டியது இந்த வாசகத்தைத்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவுல் யூதர். யாக்கோபு யூதர். மொழிபெயர்த்தவர்களும் யூதர்கள். கதவு உள்ளேயிருந்துதான் திறக்கப்பட்டது.

உள்ளே வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது. கி.பி. 49 வாக்கில் கிளௌதியு சக்கரவர்த்தி யூதர்களை ரோமாபுரியிலிருந்து துரத்தினான். அவன் 54-இல் இறந்தபின் அவர்கள் திரும்பி வந்தார்கள். அதற்குள் சபையில் புறஜாதியாரின் கை ஓங்கியிருக்க வேண்டும் என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அவர்களுக்குத்தான் பவுல் ஒலிவமரத்தின் உவமையைச் சொல்கிறார். நல்ல ஒலிவமரத்தில் சில கிளைகள் முறிந்தன. அந்த இடத்தில் காட்டு ஒலிவக்கிளை ஒட்டப்பட்டது. நம் ஊர் ஒட்டு மாமரக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நாட்டுக் கன்றில் நல்ல ஜாதிக் கிளையை ஒட்டுவதுதானே உலக வழக்கம்? இது சுபாவத்துக்கு விரோதமானது என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். வந்து ஒட்டிய கிளைக்குப் பெருமைப்பட எந்த நியாயமும் இல்லை என்பதுதான் அவர் சொல்ல வந்தது. கிளை வேரைச் சுமக்கவில்லை. வேர்தான் கிளையைச் சுமக்கிறது. முறிந்த கிளையை மறுபடி ஒட்டுவது தோட்டக்காரருக்கு அதைவிடச் சுலபம் என்றும் சொல்லி வைக்கிறார்.

அந்த எச்சரிக்கை நூறு வருஷங்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், புறஜாதியாரான ஜஸ்டின், திரிஃபோ என்ற யூதரோடு வாதிடுவதாக ஒரு நூல் எழுதினார். உண்மையான இஸ்ரவேல் நாங்களே, வேதமும் இனி எங்களுடையதே என்பது அதில் அவர் கட்சி. விருந்தாளி வீட்டுப் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டதுபோல் ஆயிற்று. ஸ்ட்ராஸ்பர்க் தேவாலய வாசலுக்கு 1230 வாக்கில் இரண்டு பெண் சிலைகள் செய்து வைத்தார்கள். திருச்சபை கிரீடத்தோடு நிமிர்ந்து நிற்கிறாள். யூத ஆலயமாகிய மற்றவள் கண் கட்டப்பட்டு, ஒடிந்த ஈட்டியோடு தலை குனிந்து நிற்கிறாள். கிணற்றில் விஷமிட்டார்கள் என்ற வதந்தியை நம்பி, 1349 பிப்ரவரியில் அதே ஊரில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். சிலைதான் தீ வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண் கட்டப்பட்டவளைத் தினமும் பார்த்துப் பழகிய ஊர் அது.

1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கம் அந்த ஒலிவமரத்தை மறுபடி நினைவுகூர்ந்தது. யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று அறிவித்தது. எவ்வளவு தாமதம்!

பெருமைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்பவர் இஸ்ரவேலுக்குத் தனிக் கணக்கு, சபைக்குத் தனிக் கணக்கு என்று பிரித்தார். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் பைபிள் அந்தப் போதனையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. 1948-இல் இஸ்ரேல் தேசம் பிறந்ததும், தீர்க்கதரிசனத்தைச் செய்தித்தாளோடு ஒத்துப் பார்க்கிற பழக்கம் வளர்ந்தது. இதில் யூதர்களைத் தூஷிப்பதில்லை. ஆனால் அவர்களையும், அதே மண்ணில் ஒலிவமரம் வளர்க்கும் பாலஸ்தீனர்களையும் சதுரங்கக் காய்களாக்கி விடுகிறார்கள். நிலம் பறிபோவதற்கு வேதத்தைச் சாட்சியாக்காதீர்கள் என்று பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களே 2009-இல் ஓர் அறிக்கையில் முறையிட்டார்கள்.

இஸ்ரவேலர் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்ற பவுலின் வார்த்தைக்கு, கால்வின் ஒருவிதமாகவும் மற்றவர்கள் வேறுவிதமாகவும் பொருள் சொன்னார்கள். பவுல் மூன்று அதிகாரங்கள் வாதாடிவிட்டு, கடைசியில் கடவுளின் வழிகள் ஆராய்ந்து முடியாதவை என்று வியந்து கைகூப்பிவிடுகிறார். வழக்குத் தீர்ந்தது என்று அவர் எழுதவில்லை. தீர்ந்துவிட்டதாக நினைத்தவர்களால்தான் பிறகு இவ்வளவு தீங்கும் வந்தது.