வாகையும் உடன்படிக்கையும்

தமிழ் பயிலும் எமக்குப் போர் என்றவுடன் முன்னிற்பன புறத்திணைப் பூக்களே. நிரை கவர்தற்கு வெட்சி, மதில் காத்தற்கு நொச்சி, வெற்றிக்கு வாகை என முன்னோர் வகுத்தனர். பகை தீர்ந்து உடன்படுதற்கென ஒரு பூவை அவ்வரிசையில் யாம் கண்டிலேம். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த ஐரோப்பியப் பெரும்போரின் வரலாற்றைப் பயின்றபொழுது இக்குறை எம் நெஞ்சை உறுத்தியது.

அப்போரில் வீரர் பகைவர் முகங்கண்டு பொருதது அரிது. பீரங்கியும் முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியுமே வெற்றி தோல்வியை வகுத்தன. 1916 ஜூலை 1-ஆம் நாள், பிரான்சு நாட்டுச் சோம் போரின் முதனாளில், பிரிட்டிஷ் படையினருள் மட்டும் 19,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்துணை உயிரீந்து பெற்ற சமாதானமோ இருதிறத்தாரும் கூடிப் பேசி முடித்ததன்று. 1919 ஜனவரியில் பாரிஸில் கூடிய மகாநாட்டில் தோற்ற ஜெர்மனிக்கு இடமில்லை. மே 7-ஆம் நாள் நிபந்தனைகள் அதன் தூதர் கையிற் கொடுக்கப்பட்டன. எழுத்தால் மறுமொழி கூறுதலே அவர்க்கிருந்த உரிமை. ஜூன் 28-ஆம் நாள் வெர்ஸேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் அவர் ஒப்பமிட்டனர். பிரான்சை வென்ற ஜெர்மானியர் 1871-இல் தம் பேரரசைப் பறைசாற்றிய மண்டபமும் அதுவே!

பழி அவ்வளவில் அடங்கிற்றில்லை. 1918-இல் ஜெர்மானியர் போர் நிறுத்தத்திற்கு ஒப்பமிட்ட ரயில் வண்டியிலேயே, 1940-இல் பிரெஞ்சுக்காரரை ஒப்பமிடச் செய்தார் ஹிட்லர்.

மண்டபமும் வண்டியும் மாறவில்லை. வாகை சூடிய தலைகளே மாறின. வென்றவன் வாகையைக் கழற்றி வைத்து அமர்ந்தாலன்றி, அவன் எழுதும் உடன்படிக்கை அடுத்த போரின் வெட்சியேயாம் என்பது எம் துணிபு.