ரேடியோவுல சொன்ன மாதிரி சொல்லு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது, தாத்தாவின் டிரான்சிஸ்டர்.

1991 முதல் 1994 வரை மனிதப் பரிணாமம் பற்றி அகில இந்திய வானொலி ஒரு தொடர் ஒலிபரப்பியது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து, வாரம் ஒன்றாக 144 பகுதிகள், தமிழோடு 18 மொழிகளில்! அப்பா அப்போது மாடு மேய்க்கிற பையன். பேட்டரி தீர்ந்தால் தாத்தா வெயிலில் காயவைத்து மறுபடி போடுவாராம். பாதி வாரம் கரகரப்புதான் கேட்டிருக்கும். இருந்தும், "நிமிர்ந்து நின்னதும் கை ரெண்டும் சும்மா ஆச்சுடா, அப்புறந்தான் கல்லைச் செதுக்குனான்" என்று இன்றைக்கும் சொல்வார்.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். பல்லெல்லாம் பழுப்புக் கறை. நம் தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல் விளக்காமல் வந்ததாகப் பள்ளியில் அடி வாங்கியவர். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

முதல் செமஸ்டரில் ஃபுளூரைடு பற்றிப் படித்தேன். லீவில் வந்து அப்பாவிடம் ஆங்கில வார்த்தைகளாக அடுக்கினேன். கேட்டுவிட்டு, "ரேடியோவுல சொன்ன மாதிரி சொல்லுடா" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. மார்க் வாங்கியிருந்தேனே தவிர, சொல்லத் தெரியவில்லை!

இரண்டு நாள் யோசித்துச் சொன்னேன். "நம்ம ஊர்ப் பாறையில ஃபுளூரைடு இருக்குப்பா. அடிபம்புத் தண்ணியில கரைஞ்சு வருது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டுனா ஆகாது. சின்ன வயசுல, பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே மேல்பூச்சைக் கெடுத்துடும். வெளியில ஒட்டுன அழுக்கு இல்ல, தேய்ச்சாப் போகாது. தங்கச்சி பல்லைப் பாருங்க."

2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பிறகு பிறந்தவள் அவள். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பல், வெள்ளை வெளேர் என்று இருக்கும்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அப்போ, நான் வெளக்கிட்டுத்தான் போனேன்."