கீறல் எந்தப் பக்கம்?

பழைய சிடி திக்கினால் எல்லோரும் முதலில் திருப்பிப் பார்ப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான். உண்மையில் பயப்பட வேண்டியது மேல்பக்கத்துக் கீறலுக்கு. 1.2 மில்லிமீட்டர் தடிமனில் கிட்டத்தட்ட முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பாட்டு பதிந்திருப்பதோ லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில். அங்கே இருக்கும் அலுமினியப் படலம் உரிந்தால் போனது போனதுதான். விளக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் கீறலைத் தேய்க்கப் பற்பசையை வீணாக்க வேண்டாம்.

அடிப்பக்கக் கீறலுக்கு வழி உண்டு. சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல வட்டமாகத் தேய்க்கவே கூடாது. குறுக்கே விழுந்த சின்னக் கீறலைப் பிளேயரே பிழை திருத்திச் சமாளித்துவிடும். தடத்தோடு ஓடும் கீறல்தான் அதைத் திணறடிக்கும். அப்புறமும் திக்கினால் ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசை, மெதுவாக.

ஸ்டுடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடிகள் வேறு ரகம். அவற்றில் பதிவு நிற்பது சாயத்தில். வெயிலும் சூடும் பட்டால் கீறலே இல்லாமல் செத்துப்போகும். அதற்குத் தேய்ப்பு உதவாது. வேறு வேறு டிரைவில் போட்டு, படிக்கிற வரைக்கும் கணினியில் நகலெடுப்பதுதான் வழி.

எங்கள் வீட்டுக் காதுகுத்து டிவிடி அப்படித்தான் ஒரு பழைய லேப்டாப்பில் பிழைத்தது. படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. ஆனாலும் பந்தியில் பெரியப்பா இலைக்கு வடை வந்ததா என்ற பஞ்சாயத்துக்கு இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது. வந்திருக்கிறது, இரண்டு!