செம்புக் கோட்டின் மறுமொழி

சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் நாதத்தைக் கொண்டே அதில் கீறல் உண்டா இல்லையா என்று நிர்ணயிப்பது ரயில்வே உலகின் பழைய வித்தை. பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே முற்றம் இருந்த அதே ஸ்தலத்தில் எழுந்திருக்கும் கேஎல் சென்ட்ரலில், கிள்ளான் மார்க்கத்து வண்டிக்காகக் காத்திருந்த அந்தக் காலை நேரத்தில், எனக்கு ஏனோ அந்த நினைவுதான் வந்தது. ஷா ஆலமில் நான் பார்க்கப் போய்க்கொண்டிருந்த தொழிலும், தட்டிக் கேட்கும் அந்த வித்தையின் சந்ததியே என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வண்டி, முன்பு சுங்கைவே என்று அழைக்கப்பட்ட செரி செத்தியாவைக் கடந்தது. 1970களின் தொடக்கத்தில் சுங்கைவேயில் சுதந்திர வர்த்தக வளாகம் உண்டானபோது, கம்பங்களிலிருந்து மலாய்ப் பெண்கள் பெருந்திரளாகவும், தோட்டத்து லயங்களிலிருந்து நம் பெண்கள் ஓரளவும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் புகுந்தார்கள். பால்மரம் வெட்டிய தாயாரின் மகளாகிய ஓர் அம்மையார்தான், ஷா ஆலம் தொழிற்சாலையின் குளிரூட்டிய சிற்றறையில், "பசியாறிட்டீங்களா ஐயா?" என்று என்னை வரவேற்றார்.

அவருடைய தொழில், சர்க்யூட் பலகையில் ஓடும் செம்புக் கோட்டின் 'இம்பிடன்ஸை', அதாவது ஓடும் சமிக்ஞைக்கு அது காட்டும் எதிர்ப்பை, அளப்பது. வேகமாக ஏறியிறங்கும் சமிக்ஞை செல்லும் பாதை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தன்மையதாய், பெரும்பாலும் 50 ஓம் என்ற அளவினதாய், இருக்க வேண்டும். கோடு மெலிந்தாலும், அதற்கும் அடியிலுள்ள செம்புத் தளத்துக்கும் இடையிலுள்ள கண்ணாடி நார்ப் படலம் தடித்தாலும் அளவு கூடும். மாறுகின்ற இடத்தில் சமிக்ஞையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். அந்தத் திரும்புதலையே சாட்சியாகக் கொள்கிறது 'டி.டி.ஆர்.' என்னும் யந்திரம். சுமார் 35 பிக்கோ விநாடியில் படி ஏறுவதுபோல் எழும்பும் ஒரு மின்னழுத்தத்தைக் கோட்டுக்குள் செலுத்தி, திரும்பி வருவதைக் கவனிக்கிறது; அனுப்பியதில் நூற்றில் 5 பங்கு திரும்பினால் கோடு 55 ஓமுக்குச் சற்று மேல் என்று கணக்கு. பலகையையே தொடுவதில்லை, அந்தப் பலகையை வெட்டியெடுக்கும் அதே பேனலின் ஓரத்தில், அதே அகலத்தில், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரைந்துவைத்த 'கூப்பன்' என்ற துண்டைத்தான் சோதிக்கிறார்கள். அதன் கடைசிவரை சமிக்ஞை போய்த் திரும்ப 2 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் நூறு கோடிப் பங்கில் இரண்டு, போதும்.

இவ்வளவு சூட்சுமமான காரியம் எவ்வளவு எளிய ஆசாரங்களால் காப்பாற்றப்படுகிறது என்பதே எனக்கு ஆச்சரியம். யந்திரத்தை அரைமணி நேரம் சூடேற விடுகிறார். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் அதன் நுண்ணிய முகப்பை ஒரு நொடியில் கொன்றுவிடும் என்பதால், மணிக்கட்டில் பூமித்தொடர்புப் பட்டை கட்டாமல் எதையும் தொடுவதில்லை. கேபிளின் திருகை, அளவோடு நழுவும் சாவியால்தான் முடுக்குகிறார். பிறகு 50 ஓம் என்று சான்று பெற்ற ஒரு குழலை முதலில் அளந்து, யந்திரம் மெய் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.

அன்று ஒரு வியாஜ்யம் நடந்துகொண்டிருந்தது. 45 முதல் 55 வரை அனுமதியுள்ள ஒரு கோடு, 55.4 என்று அளவு காட்டியது. 'புரோப்' என்னும் அளவு ஊசி தொடும் முனையிலும், கோடு அறுந்து நிற்கும் கடைமுனையிலும் அலை கலங்குவதால், நீளத்தில் 30 முதல் 70 சதவீதம் வரையுள்ள நடுப்பகுதியின் சராசரியை எடுப்பது வழக்கம். அம்மையாரோ திரையில் விரலோட்டி, "இது மட்டமா இல்லீங்க ஐயா, மேல ஏறிக்கிட்டே போகுது பாருங்க" என்றார். பார்த்தேன், ஏறத்தான் செய்தது. 0.1 மில்லிமீட்டர் அகலமும் 17 மைக்ரான் கனமும் உள்ள செம்புக்கு, அந்த நீளத்தில், சுமார் ஒன்றரை ஓம் சாதாரண மின்தடை உண்டு. சமிக்ஞை போகப் போக அந்தத் தடை சேர்ந்துகொண்டே வருவதால், நடுவில் எடுக்கும் சராசரி முக்கால் ஓம் அளவுக்கு மிகைப்படுகிறது. சரிவைத் தொடக்கம் வரை பின்னோக்கி நீட்டினால் 54.7-க்கு அருகில் நிற்கிறது, கோடு பிழைத்தது. தசமப் புள்ளிக்கு அப்பால் எத்தனை இலக்கங்களைத் திரை காட்டினாலும், எந்த இடத்தில் படித்தோம் என்று சொல்லாத எண்ணை நான் இனி நம்பப்போவதில்லை. இந்தத் திருத்தத்தைத் தோற்ற பலகைகளைத் தேற்றுவதற்கென்றே பிரயோகிப்பவர்களும் இருக்கக்கூடும் அல்லவா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு எண்களையும், எந்த எண் எந்த இடத்தில் படித்தது என்ற குறிப்போடு, பதிவேட்டில் எழுதினார். துண்டை வெட்டி, மெருகேற்றி, உருப்பெருக்கியில் கோட்டின் குறுக்குவெட்டைப் பார்க்கவும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த கூப்பனுக்குப் புரோப்பைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தியவர், திரையைப் பார்த்துச் சிரித்தார். நேராய் ஓடிய கோட்டில், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஒரு சிறு பள்ளம்.

"கைய எடுங்க ஐயா."

மேலடுக்குச் செம்பின்மேல், சரியாக அதே தூரத்தில், என் சுண்டுவிரல் கிடந்தது.