மல்லேசுவரத்துப் பாட்டு வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூரிலிருந்து மல்லேசுவரத்திற்குப் போய் வருவது ஓராண்டாக எங்கள் இல்லத்து வழக்கமாகிவிட்டது. பாட்டுக் கற்கும் மகளை அழைத்துச் செல்வதற்கென்றே முதலில் புறப்பட்டோம். தொலைவு பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆயினும் அச்சிறு பயணம் எங்களுக்குக் காட்டியவை பல. பிறந்த ஊரை விட்டு வந்து இங்கே குடியேறிய குடும்பத்தார்க்கு அவற்றுள் சில பயன்படலாம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

அல்சூர் தமிழர்க்குப் புதிய இடமன்று. 1809-இல் ஆங்கிலேயர் இதனை ஒட்டித் தண்டு அமைத்தபோது, படையோடும் படைக்கு வேண்டிய பல தொழில்களோடும் தமிழர் வந்து குடியேறினர். தண்டும் நகரும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949-இல்தான். ஏரிக்கரைப் பக்கத்தில் 1950-இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் இருக்கிறது. இவற்றைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைக்குத் தமிழ் தானே வந்துவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையின் கதைதான் இது.

அல்சூர் மெட்ரோ நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறி, சம்பிகே சாலை நிலையத்தில் இறங்கினால் மல்லேசுவரம். 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியதை அடுத்து, காற்றும் வெளிச்சமும் உள்ள அகன்ற தெருக்களோடு எழுந்த பகுதி அது. சம்பங்கியின் பெயரால் ஒரு சாலை, வேம்பின் பெயரால் ஒரு சாலை. எட்டாவது குறுக்குத் தெருவில் பூக்கடைகள். ஊருக்குப் பெயர் தந்த காடு மல்லேசுவரர் கோயிலுக்கு, சிவாஜியின் தம்பி முறையினரான ஏகோஜி ஒரு சிற்றூரைக் கொடையாக அளித்ததை 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று கூறுகிறது. அதே ஏகோஜிதான் சில ஆண்டுகளுக்குப் பின் தஞ்சையைக் கைப்பற்றி, மராட்டியர் ஆட்சியை அங்கே நிறுவியவர். தியாகராசர் வாழ்ந்ததும் பாடியதும் அம்மரபினர் காலத்தில் அன்றோ? அல்சூரிலிருந்து மல்லேசுவரம் போகும் வழியில் தஞ்சையைச் சந்திப்போம் என்று நாங்கள் எண்ணியதேயில்லை.

இங்கே வருவதற்கு முன் மகளை வேறோரிடத்தில் சேர்த்திருந்தோம். ஓர் அறையில் பதினாறு பிள்ளைகள். அனைவர்க்கும் ஆறரைக் கட்டையே சுருதி. மேல் ஸ்தாயியை எட்டும்போதெல்லாம் எங்கள் மகளின் குரல் கிறீச்சிட்டது. இவளுக்குக் குரல் வளம் இல்லை போலும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பதினாறு குரலைச் சேர்த்துப் பாட வைப்பவர் ஒரு குரலுக்காகச் சுருதியை இறக்க முடியாது. அது அவர் குற்றமும் அன்று.

மல்லேசுவரத்து ஆசிரியை அம்மையார் கன்னடத்தவர். தம் வீட்டுக் கூடத்திலே பாய் விரித்து, ஒருவர்க்கு அரைமணி வீதம் தனித்தனியே சொல்லித் தருகிறார். முதல் நாள் அவர் பாட்டே சொல்லித் தரவில்லை. “உனக்கு எளிதாக வரும் ஒரு ஒலியைப் பிடி, புட்டா” என்றார். சுருதிப் பெட்டியை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, கீழே மந்திரப் பஞ்சமமும் மேலே தாரப் பஞ்சமமும் இடர்ப்படாமல் தொடக்கூடிய இடம் ஐந்து கட்டை என்று கண்டார். அன்று மாலை எங்கள் மகள் தன் இயல்பான குரலில் ‘ஸா’ என்று நின்றபோது, அவளுக்குக் குரல் இல்லை என்ற எங்கள் தீர்ப்பை நினைத்து வெட்கினோம். தனிப்பாடத்தின் முதற்பயன் இதுவே. ஒவ்வொருவர் தொண்டைக்கும் தனித்ததோர் ஆதார சுருதி உண்டு; வளரும் பிள்ளைகட்கு, சிறப்பாகக் குரல் உடையும் பருவத்து ஆண்பிள்ளைகட்கு, அது மாறவும் செய்யும். அதனை அறிந்து பாடம் வைக்க ஆசிரியர் அந்த ஒரு குரலைக் கூர்ந்து கேட்டாக வேண்டும்.

பின்னர், மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு தாளங்களிலும் அலங்காரம் என மூன்று காலங்களிலும் பாடம் நடந்தது. இந்த முறையை வகுத்தவர் என்று இசையுலகம் போற்றுவது பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசரை. தொடக்கப் பாடமாக வரும் பிள்ளையார் கீதமும் அவர் பெயரால் வழங்குவது, கன்னடத்தது. தமிழ் நாட்டிலே பிறந்து தமிழ் நாட்டிலே கற்கும் பிள்ளையும் கன்னடத்தில்தான் வாய் திறக்கிறது.

கொடுத்தது ஒருபக்கம் மட்டுமன்று. மைசூர் வாசுதேவாசாரியார் இளமையில் அரண்மனையின் உதவியோடு திருவையாற்றுக்குச் சென்று, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசமாக இருந்து கற்றார். கன்னட நாட்டில் 1878-இல் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராசர் சமாதியைத் தம் பொருள் கொண்டு கோயிலாக்கினார். 1952-இல் மறைந்த அவர்க்கு அதன் எதிரிலேயே நினைவிடம் அமைந்தது. காவிரி நீரைப் பற்றி இரு மாநிலத்தாரும் வழக்காடும் நாளிலும், அதன் கரைவழியே பாட்டு இப்படிப் போயும் வந்தும்கொண்டிருந்திருக்கிறது.

எட்டாவது திங்களில் கும்பகோணத்திலிருந்து பாட்டி ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். உள்ளே அவர் இளமையில் பாட்டுக் கற்றபோது தம் கையாலே எழுதி வைத்த நோட்டுப் புத்தகம்! கோபாலகிருஷ்ண பாரதியாரும் அருணாசலக் கவிராயரும் பாபநாசம் சிவனும் அந்தப் பழுப்பேறிய தாள்களில் இருந்தனர். பெயர்த்தி பாடித் தாம் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் அதனை ஆவலோடு திறந்தாள். சிறிது நேரம் பார்த்தாள். “அம்மா, இதைப் படித்துக் காட்டு” என்று நீட்டினாள்.

பள்ளியில் அவள் கற்பது ஆங்கிலமும் கன்னடமும். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் எழுத்தை நாங்கள் கற்பிக்கவில்லை. நாங்கள் படிக்கப் படிக்க, அவள் கன்னட எழுத்தில் பாட்டை எழுதிக்கொண்டாள். பழைய கன்னடத்தில் ழகரம் இருந்ததுண்டு. இன்று வழக்கில் இல்லை. ஆகவே ழகரம் வந்த இடமெல்லாம் ளகரம் நின்றது. இரு வாரம் பயின்று, ஒரு மாலை தொலைபேசியில் பாடினாள். சுருதி விலகவில்லை, தாளம் பிசகவில்லை. பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது கண்ணு. ‘ஏளை’ என்கிறாயே, அது யார்?” என்றார். பிள்ளை சிரித்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு இதனை ஆசிரியையிடம் சொல்லி, சொற்களையும் திருத்தித் தருமாறு வேண்டினோம். அம்மையார் மறைக்காமல் சொன்னார்: “சுரத்தையும் தாளத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்லை நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். எனக்கே அந்த எழுத்து நாவில் நிற்பதில்லை. எங்கள் குருநாதர் வாய்கேட்டுப் பாடுகிறேன். தாய்மொழியை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே!”

கட்டணம் செலுத்திவிட்டால் கடமை தீர்ந்தது என்றிருந்த எங்களை அச்சொல் உலுக்கிவிட்டது. அன்றே இரண்டு முடிவு செய்தோம். இரவு உணவிற்குப் பின் கால்மணி நேரம் மகளுக்குத் தமிழ் எழுத்து. பாட்டியின் நோட்டே பாட நூல். மற்றொன்று, நாங்களும் பாட்டுக் கற்பது. நாற்பதைக் கடந்தபின் சரளி வரிசையா என்று தயங்கினோம். “குழந்தைக்குக் குரல் வளையும், பெரியவர்க்குப் பொருள் விளங்கும். இரண்டுமே பாட்டுக்கு வேண்டும்” என்று ஆசிரியை ஊக்கினார். தந்தையின் சுருதி ஒரு கட்டை என்று தேர்ந்தது. ஒரு கட்டைக்குப் பஞ்சமமாக வருவது எதுவோ, அதுவே ஐந்து கட்டையின் ஷட்ஜம். தந்தை ‘பா’ என்று நிறுத்தும் இடத்தில் மகள் ‘ஸா’ என்று தொடங்குகிறாள். கூடத்தில் இரண்டும் ஒரே ஒலியாய்க் கேட்கிறது.

இவ்வளவில் நாங்கள் அறிந்தவற்றை அன்பர்களுக்குச் சொல்லி முடிக்கிறோம். ஆசிரியரைத் தேடும்போது முதலில் பிள்ளைக்கு உரிய கட்டையைக் கண்டு சொல்கிறாரா என்று பாருங்கள். வாரம் அரைமணி தனிப்பாடம் போதும். ஆனால் நாள்தோறும் இருபது நிமிடம் வீட்டில் சாதகம் வேண்டும். தேர்வில் தேறுவதே நோக்கமாகிவிட வேண்டா. கேள்வி ஞானத்திற்கு இந்நகரில் குறைவில்லை: 1905 முதல் நடந்துவரும் காயன சமாஜம் உண்டு, 1939-இல் தொடங்கிய சாமராசப்பேட்டை இராமநவமி இசைவிழா உண்டு, வயலின் வடிவில் 1980-இல் எழுந்த சௌடையா நினைவு மண்டபம் மல்லேசுவரத்தை அடுத்தே உண்டு. பிள்ளைகளை அழைத்துச் சென்று உட்கார வையுங்கள். கன்னடப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதட்டும். ககரமும் அதன் இன ஒலிகளும் அங்கேதான் பிழையின்றி நிற்கும். தமிழ்ப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதட்டும். அதனைக் கற்பிக்கும் கடன் ஆசிரியருடையதன்று, நம்முடையது.

சென்ற வாரம் மகள் நோட்டின் ஒரு பக்கத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். பின்பு அதனைப் பாட்டிக்குப் பாடியும் காட்டினாள். இம்முறை பாட்டி சொல்லில் பிழை காணவில்லை. “அனுபல்லவியில் கொஞ்சம் ஓடுகிறாய், நிதானமாகப் பாடு” என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.