புகை வந்தும் ஓடின கம்ப்யூட்டர்

எங்க மாமா வீட்டுப் பரண்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பேரு பிபிசி மைக்ரோ. 1981 கடைசியில இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி, பிபிசி-யோட கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காகச் செஞ்ச மெஷின். 2 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 32 கிலோபைட் மெமரி. வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படம்கூட அதுக்குள்ள அடங்காது. ஆனா சிரிக்காதீங்க, நம்ம போன்ல ஓடுற ஏஆர்எம் ப்ராசஸர் பிறந்தது அதே ஏகார்ன்லதான்.

1984-ல நம்ம மத்திய அரசு 'கிளாஸ்'ங்கிற திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தது இந்த மெஷினைத்தான். மாமா முதன்முதலா தொட்ட கம்ப்யூட்டரும் இதுதான். பின்னாடி ஸ்கூல்ல பழைய சாமான்களை ஏலம் விட்டப்ப, ரெண்டு மர பெஞ்சோட சேர்த்து இதையும் வாங்கிட்டு வந்துட்டார்.

போன பொங்கல் லீவுல, "ஆன் பண்ணிப் பார்க்கலாமா மாமா?"ன்னு கேட்டேன். "நீதானேடா இஇஇ படிக்கிற, நீயே பாரு"ன்னார். தூசியைத் துடைச்சு, பழைய டிவியில கனெக்ட் பண்ணி, சுவிட்சைப் போட்டேன். ஒரு பீப் சத்தம். கறுப்பு வெள்ளையில 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'ன்னு வந்தது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு ப்ரோக்ராம் அடிக்க ஆரம்பிச்சார். ரெண்டு வரிதான் ஆச்சு. பின்பக்கம் 'பட்'னு ஒரு சத்தம். வெள்ளைப் புகை. மூக்கை எரிக்கிற நாத்தம். அத்தை சமையல்கட்டுல இருந்து ஓடி வந்தாங்க. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

மாமா திட்டல. "பரவாயில்லடா, அதுக்கும் வயசாயிடுச்சுல்ல"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. புகை வந்துக்கிட்டு இருந்தப்பவும் ஸ்கிரீன்ல எழுத்து அப்படியே நின்னுச்சு. செத்தது எது?

பவர் சப்ளை பெட்டியை மட்டும் கழட்டி காலேஜுக்கு எடுத்துட்டு வந்தேன். "உள்ள இருக்கிறதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, 5, 12, மைனஸ் 5 வோல்ட் தர்ற ரெடிமேட் மாட்யூல் ஒண்ணு வை மச்சி"ன்னு பசங்க சொன்னாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டது. லேப் அசிஸ்டென்ட் அண்ணாகிட்ட காட்டினேன். "எது போச்சுன்னே தெரியாம எதைப்பா மாத்தப் போற?"ன்னு கேட்டார்.

மூடியைத் திறந்து நான் கையை விட்டப்ப, மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்திட்டார். "மொதல்ல மீட்டர வை." இப்போதான் அரை மணி நேரம் ப்ளக் பண்ணி வோல்டேஜ் பார்த்திருந்தோம். பிளக்கை எடுத்துப் பத்து நிமிஷம் ஆகியும் பெரிய கெப்பாசிட்டர்ல மீட்டர் 94 வோல்ட் காட்டியது. 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை பண்ணினா உச்சம் கிட்டத்தட்ட 325 வோல்ட். இதைப் பரீட்சையில ரூட் 2 போட்டு எழுதி மார்க் வாங்கினவன் நான். அன்னைக்கு அந்த ரூட் 2 என் விரலுக்கு ரெண்டு இன்ச் தள்ளி உட்கார்ந்திருந்தது. ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் தொட விட்டார்.

உள்ளே ரெண்டு கெப்பாசிட்டர். ஒண்ணு கருகியிருந்தது, இன்னொண்ணு கோடைக் கண்மாய் மாதிரி வெடிச்சிருந்தது. உலோகம் பூசின பேப்பரைச் சுருட்டி எபாக்ஸிக்குள்ள வச்சு மூடின ரகம். வருஷக்கணக்குல எபாக்ஸி விரிசல் விட்டு ஈரம் உள்ள போகும். திடீர்னு மெயின்ஸ் குடுத்தா புகையும். அதோட வேலை, சப்ளையோட ஸ்விட்சிங் இரைச்சல் வீட்டு லைனுக்குப் போகாம தடுக்கிறது மட்டும்தான். அதான் அது செத்தும் கம்ப்யூட்டர் ஓடினது.

ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே மதிப்புக்கு எக்ஸ்2 ரகமா பார்த்து வாங்கினேன். மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே சாதாரண கெப்பாசிட்டர் போடக் கூடாது. போனாலும் தீப்பிடிக்காத மாதிரி செஞ்சது எக்ஸ்2. வயசான எலக்ட்ரோலைட்டிக்கையும் மாத்தினேன். போர்டுல நேரா மாட்டாம, முதல்ல ஒரு கார் பல்பை லோடா போட்டுப் பார்த்தோம். 5 வோல்ட் எகிறினா அந்தப் பழைய சிப்பெல்லாம் காலி. பல்பு மங்கலா எரிஞ்சது. மீட்டர்ல 5.03.

மாட்யூல் வைக்கிறது தப்புன்னு சொல்லல. டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா நல்லா இருந்த ஒண்ணைத் தெரியாமலே குப்பையில போட்டிருப்பேன். உங்க வீட்டுலயும் பழைய மெஷின் இருந்தா, ஆசையா சுவிட்சைப் போடாதீங்க. மொதல்ல தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு திறந்து பாருங்க.

போன வாரம் மாமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பீப் சத்தம் வந்ததும் மூணு பேரும் பின்பக்கத்தையே பார்த்தோம். புகை இல்ல. மாமா விட்ட இடத்துல இருந்து இல்லாம, முதல் வரியிலிருந்தே அடிச்சார். 16, 32, 48ன்னு ஸ்கிரீன்ல இறங்கினது. கடைசி வரி வர்ற வரைக்கும் பார்த்துட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதை ஏன்டா மொதல்லயே பண்ணல?"