இறங்க வேண்டிய துறை

திருகோணமலை, கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் மருந்திடிக்கப் பழக வந்தால், எந்த மூலிகை என்றுதான் முதலில் கேட்பார்கள். எதில் கலந்து கொடுப்பது என்று கேட்பவர் அரிது. குடல் புண்பட்டு, சீதமும் கழிச்சலுமாக வருபவருக்கு அனுபானம்தான் பாதி மருந்து.

இந்தக் கழிச்சலுக்கு வில்வத்தைச் செங்காயாகப் பறித்து, மெல்லிசாகச் சீவி, ஒடித்தால் சடக்கென முறியும்வரை காயவையுங்கள். பிசின் உள்ள காய் அது. ஈரம் மிஞ்சினால் உரலில் ஒட்டும், வஸ்திரகாயத் துணியில் இறங்காது. மார்கழிக் கடற்காற்றில் இடித்த தூள் சீக்கிரம் கட்டிபடும். வற்றலாகவே வைத்திருந்து தேவைக்கு இடியுங்கள். சலிக்கும்போது விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தட்டத் தட்ட இறங்குவது போதும். அழுத்தினால் திப்பியும் சேர்ந்து இறங்கி, புண்ணிலே போய் உரசும்.

என் பரியாரியார் சூரணத்தின் மேல் மோரை மடமடவென்று ஊற்ற விடமாட்டார். திரிகடி தூளை இரண்டு கரண்டி மோரில் களியாகக் குழைத்து, பிறகே மிச்சத்தை வார்ப்பார். அவசரப்பட்டவரின் கோப்பையில் மிதக்கும் கட்டியை எடுத்து உடைத்துக் காட்டுவார். உள்ளே காய்ந்த தூள். "இது வயிற்றுக்குள்ளும் இப்படியேதான் போகும், தம்பி" என்பார். மோரும் லேசுப்பட்டதல்ல. கிண்ணியா எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம். வெண்ணெய் திரண்டு வரும்வரை கடைந்தெடுக்காமல் கழிச்சல்காரருக்குக் கொடுக்கக்கூடாது.

மஞ்சளில்தான் இன்றைய பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மிளகின் பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் இரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு எல்லா நோய்க்கும் மிளகு சேர்க்கிறார்கள். மூட்டு நோவென்றால் சரி. பெருங்குடல் அழற்சிக்கு மஞ்சள் இரத்தம்வரை ஏன் போகவேணும்? உறிஞ்சப்படாமல் கீழே வந்து குடற்சுவரைத் தொடுவதுதான் வேண்டியது. துறைமுகத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை: சரக்கு இறங்க வேண்டிய துறையில் இறங்கவேணும். புண்பட்ட குடலுக்கு மிளகின் காரமும் ஆகாது.

2006இல் ஜப்பானில் பெருங்குடல் அழற்சி நோயாளிகள் 89 பேரை வைத்துச் செய்த ஆய்விலும், வழமையான மாத்திரையோடு காலை, இரவு உணவுக்குப் பின் ஒவ்வொரு கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்கு 6 மாதத்தில் நோய் திரும்பியது குறைவு. வழமையான மாத்திரையோடு என்பதைக் கவனியுங்கள். இரத்தம் போனால், காய்ச்சல் இருந்தால், முதலில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அங்கே தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். என்ன சூரணம் கொடுக்கிறீர்கள் என்று அங்குள்ள டொக்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.